மலை ரயிலை நேரலைக் கேமராவில் ரசிப்பது எப்படி: கிளைன ஷைடெக் கணவாயை முன்வைத்து ஒரு பதில்

“மலை ரயில்களையும் பனிச் சிகரங்களையும் வீட்டிலிருந்தபடியே நேரலைக் கேமராவில் ரசிக்கலாம் என்கிறார்கள். நான் திறக்கும்போதெல்லாம் வெள்ளை மூட்டமோ வெறும் தண்டவாளமோதான் தெரிகிறது. எந்தக் கேமராவை, எப்போது, எப்படிப் பார்ப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே மாலையில் பத்து நாட்டுக் கேமராக்களைத் தாவித் தாவிப் பார்ப்பவருக்கு இந்த ஏமாற்றம் தவிர்க்க முடியாதது. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ரயில் எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை மணிக்கு, என்ன வேலையாக வருகிறது என்பதையும், வெயில் எந்தச் சிகரத்தில் முதலில் விழுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு சில வாரங்கள் தொடர்ந்து பாருங்கள். அதன் பிறகு ரயில் இல்லாத நேரத்திலும் அந்தத் திரையில் பார்க்க ஏதாவது இருக்கும். நான் பரிந்துரைப்பது சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில் 2,061 மீட்டர் உயரத்தில் உள்ள கிளைன ஷைடெக் கணவாய். ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்களும் வரிசையாக நிற்க, அவற்றின் காலடியில் இரண்டு பல்சக்கர ரயில் பாதைகள் (தண்டவாளங்களின் நடுவே உள்ள பற்களைக் கவ்வி ஏறுபவை) சந்திக்கும் இடம் அது. கணவாயிலும், அதைச் சுற்றியுள்ள வெங்கன், மென்லிஷன், ஐகர்கிளெட்ஷர், யுங்ஃப்ராவ்யோக் ஆகிய இடங்களிலும் ரயில் நிறுவனமும் சுற்றுலா அமைப்புகளும் நிறுவியுள்ள கேமராக்களை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இடத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் கேமராவைப் பற்றிச் சிறிது. இணையத்தில் ‘நேரலை’ என்ற பெயரில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, உண்மையாகவே ஓடும் வீடியோ. மற்றொன்று, சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிதாக எடுக்கப்படும் படம். மலையுச்சிகளில் உள்ள 360 பாகைச் சுழல் கேமராக்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. ரயில் நகர்வதைப் பார்க்க விரும்புகிறவர் இரண்டாம் வகையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால், கிடைப்பது அசையாத தண்டவாளம்தான். ஆனால் அந்தப் படங்களை ஒதுக்கிவிட வேண்டாம். வீடியோவைவிட அவற்றின் துல்லியம் மிக அதிகம் என்பதால், பெரிதாக்கிப் பார்த்தால் பனிப்பாறையின் வெடிப்புகள்கூடத் தெரியும். பெரும்பாலானவற்றில் பழைய படங்களின் சேமிப்பும் உண்டு. எந்த வகையாக இருந்தாலும் முதலில் மூலையில் உள்ள நேர முத்திரையைப் பாருங்கள். கடுங்குளிரிலோ மின்தடையிலோ கேமரா உறைந்து நின்றுபோய், நேற்றைய வெயிலையே இன்றும் காட்டிக்கொண்டிருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. வீடியோ என்றால், அது நம் திரைக்கு வந்து சேர அரை நிமிடம் வரை தாமதமாகலாம் என்பதையும் கால அட்டவணையோடு ஒப்பிடும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது நேரம். நம் நாட்டிலிருந்து பார்ப்பவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதனால்தான். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை சுவிட்சர்லாந்து நமக்கு 4.30 மணி நேரம் பின்னால் இருக்கிறது. மற்ற மாதங்களில் 3.30 மணி நேரம். டிசம்பரில் அங்கே விடிவது நமக்குப் பகல் 12.30 மணி கடந்து. அந்தி சாய்வது இரவு 9 மணியை ஒட்டி. ஆகவே காலை எட்டு மணிக்கு, அலுவலகம் புறப்படும் முன் திறந்து பார்த்தால் இருட்டைத் தவிர வேறொன்றும் இருக்காது. ஜூன் மாதத்திலோ அதற்கு நேர்மாறாக, நமக்குக் காலை 9 மணிக்கே அங்கே சூரியன் எழுந்துவிடும். ஆனால் மாலை வெயிலைப் பார்க்க நள்ளிரவைத் தாண்டி விழித்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு மிகவும் வசதியானது குளிர்காலம்தான்: இரவு உணவு முடிந்து உட்காரும் வேளையில், சிகரங்களில் செவ்வொளி படர்ந்து மறைவதைக் காணலாம்.

இப்போது கணவாய்க்கு வருவோம். கேமரா தெற்கு நோக்கி இருந்தால் இடப்பக்கம் ஐகர், நடுவில் மோன்க், வலப்பக்கம் யுங்ஃப்ராவ். ஐகர் 3,967 மீட்டர், யுங்ஃப்ராவ் 4,158 மீட்டர். நடுவில் நிற்கும் மோன்க்கும் நாலாயிரத்தைத் தாண்டியது. திரையில் ஐகரே எல்லாவற்றையும்விட உயரமாகத் தோன்றும், ஏனெனில் அதுதான் அருகில் இருக்கிறது. நிலையத்தில் இரண்டு நிற ரயில்களைப் பார்ப்பீர்கள். பச்சையும் மஞ்சளுமாக இருப்பவை வெங்கெர்னால்ப் ரயில்பாதையைச் சேர்ந்தவை. 1893-இல் திறக்கப்பட்ட இந்தப் பாதை லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கிலிருந்து வெங்கன் வழியாகக் கணவாய்க்கு ஏறி, மறுபுறம் கிரிண்டெல்வால்டுக்கு இறங்குகிறது. நீளம் 19 கிலோமீட்டர். இடையில் அறுபடாமல் செல்லும் பல்சக்கரப் பாதைகளில் உலகிலேயே நீளமானது இதுதான். சிவப்பு நிற ரயில்கள் யுங்ஃப்ராவ் பாதையைச் சேர்ந்தவை. முதலாவதன் தண்டவாள அகலம் 800 மில்லிமீட்டர். இரண்டாவதன் அகலம் ஒரு மீட்டர். ஒன்றின் ரயில் மற்றொன்றில் ஓட முடியாது என்பதால் மேலே செல்லும் எல்லாரும் இங்கே இறங்கி மாற வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை நடைமேடை திடீரென நிரம்பி வழிவதும், ஐந்தாறு நிமிடங்களில் வெறிச்சோடுவதும் அதனால்தான். சுவிஸ் ரயில்களின் கால அட்டவணை இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. அதில் கிளைன ஷைடெக் என்று தேடி, வரும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு கேமராவைத் திறந்தால் வெறும் தண்டவாளத்தைப் பார்த்துச் சலிக்க வேண்டியிருக்காது.

பச்சை மஞ்சள் ரயில் ஏறி வரும்போது கவனியுங்கள்: மோட்டார் உள்ள பெட்டி எப்போதும் பள்ளத்தாக்குப் பக்கத்தில் இருந்து மற்றவற்றை மேலே தள்ளிக்கொண்டு வரும். கல்லாறு முதல் குன்னூர் வரை ஊட்டி மலை ரயிலின் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் தனியே கீழே ஓடிவிடக் கூடாது என்பதே இரண்டு இடங்களிலும் காரணம். கணவாயின் இருபுறமும் இறக்கம் என்பதால் ஒரு பக்கத்திலிருந்து ஏறிய ரயில் அப்படியே மறுபக்கம் இறங்கினால் மோட்டார் மேல்பக்கத்துக்கு வந்துவிடும். ஆகையால் வழக்கமான ரயில்கள் வந்த வழியே திரும்புகின்றன. தேவைப்படும்போது திருப்பிவிடுவதற்கென்று கணவாயில் முக்கோணத் தண்டவாளம் ஒன்று இருக்கிறது. ஊட்டி ரயிலோடு இன்னும் நெருங்கிய உறவும் உண்டு: நீலகிரியில் ஓடும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களை முதலில் உருவாக்கியது இதே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் இருந்த எஸ்.எல்.எம். தொழிற்சாலை. நீலகிரிப் பாதையின் கடுமையான ஏற்றம் சுமார் 12 அடிக்கு ஓர் அடி. இங்கே அது 4 அடிக்கு ஓர் அடி வரை போகிறது. அதே சமயம், ஊட்டி ரயில் நிலையம் கிளைன ஷைடெக்கைவிட நூறு மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். கிளைன ஷைடெக் ஆறு மாதம் பனி மூடிக் கிடப்பதற்குக் காரணம் உயரம் மட்டுமல்ல, நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தூரமும்தான்.

சுற்றுலாக் காலத்தில் சில சமயம் ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கெட்டும் இடைவெளியில், மூன்று நான்கு ரயில்கள் தொடர்ந்து ஏறி வருவதைக் காணலாம். வேகம் குறைவு என்பதால் பல்சக்கரப் பாதைகளில் இப்படித் தொடர் ரயில்களை அனுப்ப முடிகிறது. வெங்கன் கிராமத்துக்குப் பொதுப் போக்குவரத்துச் சாலை கிடையாது. மளிகை, கட்டுமானப் பொருள், குப்பை எல்லாம் ரயிலில்தான் போய்வர வேண்டும். பயணிகள் பெட்டிக்கு முன்னால் சரக்கு வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ரயில் வருவதைக் கண்டால், அந்த ஊரின் அன்றாட வாழ்க்கையைப் பார்க்கிறீர்கள் என்று பொருள். எனக்குச் சிகரங்களுக்கு நிகராகப் பிடித்த காட்சி அது.

சிவப்பு ரயிலில் பார்க்க வேண்டியது தலைக்கு மேல் இருக்கிறது. உலகின் பெரும்பாலான மின்ரயில்களுக்கு மேலே ஒரு மின்கம்பிதான். இங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. படத்தைப் பெரிதாக்கினால் இரண்டு கம்பிகளும், ரயிலின் கூரையில் அவற்றைத் தனித்தனியே தொடும் மின்வாங்கிகளும் தெளிவாகத் தெரியும். மும்முனை மின்சாரத்தில் ஓடுவதால் இரண்டு முனைகள் கம்பிகளிலும், மூன்றாவது தண்டவாளத்திலும் செல்கின்றன. இந்த முறை இன்று உலகில் நான்கே பாதைகளில் மீதமிருக்கிறது: யுங்ஃப்ராவ், அதே நாட்டின் கோர்னர்கிராட், பிரான்சின் லா ரூன், பிரேசிலின் கோர்கோவாடோ. இறங்கும் ரயிலின் மோட்டார் மின்னாக்கியாக மாறி மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தருகிறது. தொடக்கத்தில் இந்தப் பாதைக்கென்றே லாட்டர்புருன்னனில் நீர்மின் நிலையம் ஒன்றையும் கட்டினார்கள். மேலே உருகும் பனியின் நீரே ரயிலை மேலே ஏற்றியது.

சூரிச்சைச் சேர்ந்த தொழிலதிபர் அடோல்ஃப் குயர்-ஸெல்லர் திட்டமிட்ட இந்தப் பாதையின் வேலை 1896-இல் தொடங்கியது. கணவாயிலிருந்து ஐகர்கிளெட்ஷர் வரையிலான திறந்தவெளிப் பகுதி 1898-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் காலமானார். ஐகருக்குள்ளும் மோன்க்குக்குள்ளும் ஏழு கிலோமீட்டருக்கு மேல் குடைந்து, 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃப்ராவ்யோக் நிலையத்தை எட்டியது 1912 ஆகஸ்ட் 1 அன்று. ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம் அது. கேமரா பார்ப்பவருக்கு இதில் ஒரு நடைமுறைச் செய்தி உண்டு: மொத்தப் பாதை 9.3 கிலோமீட்டர் என்றாலும், வெளியே தெரிவது கணவாய்க்கும் ஐகர்கிளெட்ஷருக்கும் இடைப்பட்ட சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். ஐகர்கிளெட்ஷரைத் தாண்டியதும் ரயில் மலைக்குள் மறைந்துவிடும். உச்சி நிலையமும் பாறைக்குள்தான். மேலே உள்ள கேமராக்களில் ரயிலைத் தேட வேண்டாம். அங்கே தெரிவது ஆல்ப்ஸ் மலைகளின் மிகப் பெரிய பனிப்பாறையான அலெட்ஷ். அதன் மீது நீளவாக்கில் ஓடும் கருங்கோடுகள், பக்கத்து மலைகளிலிருந்து விழுந்த கற்களைச் சுமந்து வந்த இரண்டு பனியாறுகள் ஒன்றாகக் கலந்த இடத்தின் அடையாளம்.

ஐகரின் வடக்குச் சுவரை மட்டும் தனியாக ஒரு நாள் பாருங்கள். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமுள்ள அந்தக் கரும்பாறைச் சுவரில் சில சிறு துளைகள் இருக்கின்றன. அவை உள்ளே ஓடும் சுரங்கப் பாதைக்காக வெட்டப்பட்டவை: 2,865 மீட்டர் உயரத்தில் ஐகர்வாண்ட் நிலையத்தின் சன்னல்கள், அதற்குக் கீழே, குடைந்த கல்லை வெளியே கொட்டுவதற்காக வைத்த ஒரு வாசல். 2016 வரை மேலேறும் ரயில்கள் ஐகர்வாண்டில் சில நிமிடங்கள் நின்று சென்றன. தொலைவிலிருந்து மலையைப் பார்க்கும் வழக்கம் இந்தக் கணவாயில் கேமராவுக்கும் முந்தியது. 1930-களில் மலையேறிகள் இந்தச் சுவரை ஏற முயன்றபோது, கணவாயின் விடுதிகளில் தங்கியிருந்தவர்கள் தொலைநோக்கி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1936 ஜூலையில் நான்கு பேர் கொண்ட குழு சுவரில் சிக்கியது. மீட்க வந்த வழிகாட்டிகள் ரயிலில் சுரங்கத்துக்குள் சென்று, அதன் வாசல் வழியாகவே சுவருக்கு வெளியே வந்தார்கள். மூவர் இறந்துவிட, கயிற்றில் தொங்கிய டோனி குர்ட்ஸ் மட்டும் ஓர் இரவு முழுதும் உயிரோடு இருந்து, மீட்பவர்களுக்குச் சில மீட்டர் மேலே உயிர் விட்டார். 1938 ஜூலை 24 அன்று ஹெக்மயர், ஃபெர்க், ஹாரர், காஸ்பரெக் ஆகியோர் முதன்முதலாக அந்தச் சுவரை ஏறி முடித்தனர். இதையெல்லாம் அறிந்துகொண்டு பார்க்கும்போது, திரையில் தெரியும் அந்தக் கருஞ்சுவரை வெறும் பின்னணியாக எண்ண முடியாது.

2020 டிசம்பர் முதல் அந்தச் சுவருக்கு முன்னால் புதிய அசைவு ஒன்று சேர்ந்திருக்கிறது. கிரிண்டெல்வால்டிலிருந்து ஐகர்கிளெட்ஷருக்கு 15 நிமிடத்தில் செல்லும் ஐகர் எக்ஸ்பிரஸ் கம்பிவட ஊர்தியின் பெட்டிகள் சீரான இடைவெளியில் கடந்து செல்வதைக் காணலாம். மேலே போகிறவர்களில் ஒரு பகுதியினர் இப்போது கணவாய்க்கு வராமலே ஐகர்கிளெட்ஷரில் ரயிலேறிவிடுகிறார்கள். வசதிதான், ஆனாலும் பழைய வழியில், கணவாயில் இறங்கி மூச்சு வாங்கி, சிகரங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறுவதே இந்த மலைக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

மூட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். குளிர்காலத்தில் காற்றழுத்தம் உயர்ந்து வானிலை அமைதியாக இருக்கும் நாட்களில், குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தாக்குகளில் தேங்கி, அதற்கு மேலே வெப்பமான காற்று மூடிபோல் அமைந்துவிடும். அப்போது கீழே உள்ள கேமராக்கள் எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். அந்த நாளில் கேமராவை மூடிவிடாமல், 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் மென்லிஷன் கேமராவுக்குச் செல்லுங்கள்; நீல வானத்தின் கீழ், பள்ளத்தாக்குகளை நிரப்பிய மேகக் கடலின் மேலே சிகரங்கள் தீவுகளாக நிற்பதைக் காண்பீர்கள். கோடையில் இது தலைகீழ். காலையில் வானம் தெளிவாக இருந்து, வெயில் ஏற ஏற ஈரக்காற்று மேலெழும்பி, பிற்பகலில் மேகம் சிகரங்களை மறைத்துவிடும். அங்கே கோடைப் பிற்பகல் என்பது நமக்கு மாலை என்பதால், மாலையில் மட்டும் பார்ப்பவர்களுக்கு ஜூலையில் மூட்டமே அதிகம் கிடைக்கும். காலை 10 மணி சுமாருக்குப் பாருங்கள். தெற்கிலிருந்து ஃபோன் என்னும் வறண்ட சூடான காற்று வீசும் நாட்களில் தொலைமலைகள்கூடக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெளிந்து தெரியும். யுங்ஃப்ராவின் முகட்டிலிருந்து பனித்தூள் வால்போல் பறந்துகொண்டிருக்கும்.

ஒளியின் பாதையையும் கற்றுக்கொள்ள வேண்டும். டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில், ஐகரின் பக்கமாக எழுவதால், யுங்ஃப்ராவின் உச்சி பளபளத்துக்கொண்டிருக்கும்போதே நிலையம் வெகுநேரம் நிழலில் கிடக்கும். அந்த நிழலில் பனி வெண்மையாக இல்லாமல் நீலமாகத் தெரிவதைக் கேமராவின் குறை என்று நினைத்துவிடக் கூடாது. நேர் வெயில் இல்லாத இடத்தில் வானத்தின் நீல ஒளியே பனியில் படுகிறது. ஐகரின் வடக்குச் சுவரில் வெயில் விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் கோடையின் பின்மாலைதான் வழி, அப்போதுதான் சூரியன் வடமேற்கு வரை சென்று சாய்கிறது. நமக்கு அது இரவு 11 மணிக்கு மேல். ஆண்டில் ஒருநாளாவது விழித்திருந்து பார்க்கத் தகுந்த காட்சி.

ரயிலையே அதிகம் விரும்புகிறவர், சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கில் உள்ள பெர்னினா பாதையின் கேமராக்களையும் பார்க்கலாம். பல்சக்கரம் இல்லாமலே நூறு மீட்டருக்கு 7 மீட்டர் ஏறும் அந்தச் சிவப்பு ரயில்கள், 2,253 மீட்டர் உயரத்தில் உள்ள ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தைத் தாண்டி, பனிப்பாறை நீரால் வெளிறித் தோன்றும் லாகோ பியான்கோ ஏரியின் கரையோரமாக இத்தாலிக்கு இறங்குகின்றன. சரக்கு ரயில்களின் ஓசையோடு கூடிய வீடியோ வேண்டுமென்றால் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அல்டூனா அருகே, 1854-இல் திறக்கப்பட்ட ஹார்ஸ்ஷூ வளைவு இருக்கிறது. நீண்ட சரக்கு ரயிலின் முன்பகுதியும் பின்பகுதியும் ஒரே சட்டகத்தில் எதிரெதிர்த் திசையில் நகர்வதை அங்கே காணலாம். ஏற்றத்தில் தள்ளிக் கொடுக்கும் துணை எஞ்சின்களின் உறுமல் வளைவுக்கு வருமுன்பே கேட்கத் தொடங்கும். ஆனால் அங்கே பகல் என்றால் நமக்கு மாலையும் இரவும். மலையும் காடடர்ந்த குன்றுகளே தவிர பனிச் சிகரங்கள் அல்ல.

கணவாயை முதன்முதலாகப் பார்க்க நல்ல வாரம் ஒன்றைக் கேட்டால், ஜனவரி நடுவில் லௌபர்ஹோர்ன் பனிச்சறுக்குப் போட்டி நடக்கும் வாரத்தைச் சொல்வேன். 1930 முதல் நடந்துவரும் இந்தப் போட்டியின் இறக்கப் பந்தயம், கணவாய்க்கு மேலே உள்ள லௌபர்ஹோர்ன் சரிவில் தொடங்கி, வெங்கெர்னால்ப் ரயில் பாதைக்கு அடியிலேயே ஓரிடத்தில் நுழைந்து, சுமார் 4.5 கிலோமீட்டர் கடந்து வெங்கனில் முடிகிறது. சாலை இல்லாத ஊருக்குப் பல்லாயிரம் பார்வையாளர்களை ரயில்கள்தான் கொண்டுசேர்க்க வேண்டும். அந்தச் சில நாட்களும் நம் நேரத்தில் பிற்பகல் 12.30 மணியிலிருந்து மாலை வரை வெங்கன் கேமராவையும் கணவாயின் கேமராவையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பச்சை மஞ்சள் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டத்தை இறக்கிவிட்டு, காலியாகக் கீழே போய், மறுபடியும் நிரம்பி ஏறி வந்துகொண்டே இருக்கும்.